ஆடி மாதம் அடைகாத்த மண்டபம்

பாலாற்றில் தண்ணீர் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகிற, மணலையெல்லாம் லாரிகள் அள்ளிப் போய்விட்டதால் கூழாங்கல் மட்டும் வெயிலில் காய்ந்து கிடக்கிற கல்லேரிப்பேட்டைக்கு, ஒரு வைகாசி முகூர்த்த நாளில், வெயில் தாழ்ந்த நேரத்தில், ஆற்றின் வழியாகவே நடந்து பென்குயின்கள் வந்து சேர்ந்தன. ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, அவை பிட்ச்சைக் கடக்கிறவரைக்கும் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்து, கடைசிப் பென்குயின் கடந்ததும் பாதியில் விட்ட ஓவரைத் தொடர்ந்தார்கள். அவை கரையேறி, முனீஸ்வரன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, லாரிகள் நின்று வழிவிட நெடுஞ்சாலையை வரிசை கலையாமல் கடந்து, அந்த ஊரில் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்றை வெளியே மூச்சுவிடுகிற ஒரே கட்டடமான பலராம முதலியார் ஏ.சி. மகாலின் வாசலில் வந்து நின்றன.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தவள் வேதவல்லி. அந்த மண்டபத்துக்கு மேனேஜர் அவள்தான், ஏ.சி., ஜெனரேட்டர், மைக் செட்டு எல்லாம் அவள் புருஷன் கோதண்டத்தின் பொறுப்பு. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள், மண்டபத்துக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையிலேயே குடியிருந்து, ஊராருடைய கல்யாணத்தையெல்லாம் நடத்திவைத்து, தங்களுக்கென்று ஒரு பிள்ளையில்லாமல், எங்கேயும் போகாமல், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வயதாகிக்கொண்டிருந்தவர்கள். வாசலுக்கு வந்தவர் யாராயிருந்தாலும் முதலில் பன்னீர் தெளித்துவிட்டுப் பிறகுதான் பெண் வீடா பிள்ளை வீடா என்று கேட்பது வேதவல்லியின் வழக்கம். அன்றைக்கும் அப்படியே தெளித்தாள். பென்குயின்கள் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அந்த ஊரில் வேறு யாரும் அனுபவிக்காத மாதிரி அந்தப் பன்னீரை அனுபவித்தன. கருப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வந்திருக்கிறார்களே, பிள்ளை வீட்டார் வேலூர்க் கோர்ட்டு வக்கீல்களை அழைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். பெண் வீட்டார் பேண்டு வாத்தியக் கோஷ்டியை வரவழைத்திருக்கிறார்கள், வாத்தியம் பின்னால் வருகிறது என்று பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். சம்பந்திகள் ஒருவரையொருவர் கேட்டுச் சங்கடப்படுத்த விரும்பாத நல்ல குடும்பங்களாக இருந்ததால் ரிசெப்ஷன் முடிகிறவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

பென்குயின்கள் தட்டிலிருந்து ஆளுக்கொரு கற்கண்டை அலகில் எடுத்துக்கொண்டன. ஆனால் தின்னவில்லை. மேடையின் ஓரத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, திரும்பி வந்து இன்னொன்று எடுத்துக்கொண்டு, மறுபடி போய் வைத்து, கற்கண்டுத் தட்டு காலியாவதற்குள் மேடையின் ஓரமாகச் சின்னச் சின்ன வட்டங்களாக அடுக்கிவிட்டன. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி நின்று, ஒன்றுக்கொன்று தலைகுனிந்து வணங்கி, அலகை வானத்துக்குத் தூக்கி, கழுதை கத்துவதற்கும் கதவு கிறீச்சிடுவதற்கும் நடுவான ஒரு குரலில் பாடிற்று. மேடையில் நின்ற மணமக்களுக்குப் பக்கத்தில் போய் ஒரு பென்குயின் போட்டோவுக்கு நின்றது. அதற்கு அன்றைக்கே மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் மண்டபத்தைக் கூட்ட வந்த வேதவல்லி, வட்டங்களின் மேல் அவை குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்து, முதலாளி பலராம முதலியாரிடம் போய்ச் சொன்னாள். முதலியார் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சந்தனமும் பன்னீரும் கொடுத்து உள்ளே அழைத்தவர்களைப் போ என்று சொல்கிற பழக்கம் தன் வம்சத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் அவை இருந்தன.

ஆனால் அது வைகாசி. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூட்டம். கற்கண்டு வட்டத்துக்கு எறும்பு வந்தது. அவை ஆற்றுக்குப் போய்க் கூழாங்கல் பொறுக்கி வந்து மாற்றி அடுக்கின. பந்திக்கு ஓடுகிறவர்கள் காலில் இடறி அதைக் கலைத்தார்கள். முட்டையிட்டன, ஒன்றைக் குழந்தைகள் பந்து என்று உருட்டின, ஒன்றைச் சமையல்காரர் யார் கொண்டுவந்து வைத்தது என்று திட்டிக்கொண்டே தூக்கி வெளியே வைத்தார், மிச்சத்தைத் தவில் சத்தமும் நாற்காலிக் கால்களும் பார்த்துக்கொண்டன. வைகாசி முடிகிறபோது ஒரு முட்டைகூட இல்லை. பென்குயின்கள் வந்த மாதிரியே வரிசையாக ஆற்றில் இறங்கிக் கிழக்கே போய்விட்டன. வேதவல்லி முட்டையோடுகளைப் பெருக்கி முறத்தில் எடுத்தாள். குப்பையில் கொட்ட மனசு வராமல் துளசி மாடத்தடியில் கொட்டினாள். கோதண்டம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கு ஏ.சி.யை நிறுத்தாமல் காலி மண்டபத்தில் சாயங்காலம்வரை ஓடவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அவை ஆனியில் வந்தன. ஆனியிலும் முகூர்த்தம் இருந்தது, கூட்டம் மட்டும் கொஞ்சம் குறைவு. அந்த வருஷம் இரண்டு குஞ்சு பிழைத்தது. மாப்பிள்ளை, மேடைக்கு மேலே எந்தெந்த நாளில் பூ அலங்காரம் கட்டுகிறார்கள், எந்தெந்த நாளில் கட்டுவதில்லை என்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததாக வேதவல்லி பிற்பாடு சொல்வாள். அப்படிப் பார்த்ததோ இல்லையோ, அதற்கடுத்த வருஷம் வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, அவை வரவில்லை. ஊர் லேசாக வருத்தப்படத் தொடங்கியது. ஆடி முதல் தேதி காலையில், புதுப்பெண்களையெல்லாம் பிறந்தவீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரத்தில், மண்டபத்து ஷட்டருக்கு முன்னால் பென்குயின்கள் அமைதியாக வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

ஆடியில் ஒருத்தரும் கல்யாணம் பண்ணமாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும். ஆடிக் காற்றில் தெற்கே காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றுவதால் கரண்டும் போகாது. மனிதர்களுக்கு ஆகாத மாதமாகப் பார்த்து அவை தங்களுக்கு வைத்துக்கொண்டன. கோதண்டம் ஷட்டரைத் தூக்கி, ஏ.சி.யை அடியிலும் அடியான குளிரில் வைத்தார். ஆராய்ச்சி பண்ணுவதற்காகச் சென்னையிலிருந்து வந்து பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மாள், வேதவல்லியின் வீட்டில் கீரைக்கூட்டு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: தென்துருவத்தில் பனி முறை தவறிவிட்டது, விழவேண்டிய நேரத்தில் விழாமல், முட்டையிட்ட பிறகு விழுந்து, உருகி, கூட்டுக்குள் தண்ணீர் நின்று முட்டைகள் அழுகுகின்றன, அதனால் சில பென்குயின்கள் தேதியை மாற்றிப் பார்க்கின்றன, சில இடத்தை மாற்றிப் பார்க்கின்றன. இவை இரண்டையும் மாற்றிப் பார்த்திருக்கின்றன என்று சொல்லி மோர் கேட்டாள். வேதவல்லிக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை. மழை முறை தவறியதால் தேதியையும் ஊரையும் மாற்றிக்கொண்ட பல குடும்பங்களுக்கு அவள் பந்தி போட்டிருக்கிறாள்.

இப்படியாக ஆடி மாதம் பென்குயின்களுக்கு என்று ஆயிற்று. மண்டபத்துக் கல்யாணங்களுக்குப் புரோகிதரான வெங்கடேச சாஸ்திரிகள் தம் பஞ்சாங்கத்தில் ஆடிப்பூரத்துக்கு மேலே ‘பென்குயின் பிரவேசம்’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் ஊர்க் காலண்டரில் அது அச்சிலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல் வந்தது. குஞ்சு பொரித்ததும் தாய்கள் கடலிலிருந்து வயிறு நிறைய மீனோடு வந்து, மேடையிலேயே நின்று, அதைக் குஞ்சுகளின் வாய்க்குள் கக்கின. மண்டபத்தின் வாசலிலோ ‘அசைவம் கண்டிப்பாகக் கூடாது’ என்று கல்லில் வெட்டியிருந்தது. முதலியார் சாப்பிடாமல் யோசித்தார். கடைசியில் சாஸ்திரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாஸ்திரிகள், கல்வெட்டில் சொல்லியிருப்பது சமைப்பதையும் பரிமாறுவதையும் பற்றித்தான், இங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை, இலை போடவில்லை, தாய் தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பது எதுவானாலும் அது பால் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னார். முதலியார் அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும், ஆவணி முகூர்த்தங்கள் வருவதற்குள், அவற்றையெல்லாம் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு மாற்றிவிடுவது என்றும் ஏற்பாடாயிற்று. அங்கே அவை பால் கேன்களுக்கு நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்து, புரட்டாசியில் ஆற்றோடு போய்விடும்.

சிக்கல் தீர்ந்ததும்தான் ஊர்ப் பெண்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முட்டையிட்டவுடன் பெண் பென்குயின்கள் கிளம்பிக் கடலுக்குப் போய்விடுகின்றன. முட்டைமேல் பட்டினியாக உட்கார்ந்திருப்பதெல்லாம் ஆண்கள். பெண் திரும்பி வருகிறவரைக்கும் ஆண் எழுந்திருப்பதில்லை, முணுமுணுப்பதில்லை, தன் அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுவதில்லை. மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைக் கொஞ்ச நாள் பார்த்த பெண்கள், பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். முதலில் மிளகாய் மண்டிக்காரர் சம்சாரம், கைக்குழந்தையைப் புருஷன் மடியில் வைத்துவிட்டு, கடலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். பிறகு போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் போனாள், தறிக்காரர் மருமகள் போனாள். கடல் என்றால் சிலருக்குத் திருவண்ணாமலை, சிலருக்குப் பெங்களூரு, சிலருக்குத் தெருக்கோடியில் தோழி வீட்டு மொட்டைமாடி. கடலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் அதற்குமேல் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று ஆயிற்று. மடியில் பிள்ளையோடு தவித்த ஆண்கள் ஒவ்வொருவராக மண்டபத்துக்கு வந்து, ஆண் பென்குயின்களுக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். அந்தக் குளிரில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கின. பெண்கள் திரும்பி வருகிற நாளில், பென்குயின்களைப் பார்த்துப் பழகிவிட்ட புருஷர்கள் ஆளுக்கொரு நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துவந்து கொடுத்தார்கள். ஆற்றில் கல் தேடச் சோம்பல்பட்ட சிலர் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து எடுத்ததால் அந்த வருஷம் கல்லேரிப்பேட்டையில் பல சுவர்கள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டன.

வேதவல்லி மட்டும் எங்கேயும் போகவில்லை. பிள்ளை இருந்தால்தானே விட்டுவிட்டுப் போக என்று யாரோ கேலியாகச் சொன்னதற்கு அவளும் சிரித்தாள். மண்டபத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் அவளுக்கு வழக்கமாகத் தோன்றும். கடலை அவள் பார்த்ததே இல்லை.

இது நடந்து இரண்டொரு வருஷம் கழித்து, ஓர் ஆடியில், மற்றப் பெண் பென்குயின்களெல்லாம் திரும்பி வந்தும் மாப்பிள்ளையின் ஜோடி மட்டும் வரவில்லை. குஞ்சுகள் பொரித்தன, வளர்ந்தன, பால் நிலையத்துக்குப் போயின. மாப்பிள்ளையின் முட்டை கடைசியாக இட்டது, பொரிக்க இன்னும் நாள் இருந்தது. காலி மேடையில் ஒற்றைக் கல் வட்டத்தில் அது படுத்திருந்தது. கோட்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. மீன் கொண்டுவந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிற்று. ஜோடி ஓடிப்போய்விட்டது, பெண்ணைக் கடலுக்கு விட்டால் இப்படித்தான் என்றார்கள் ஆண்கள். வழியில் என்ன ஆபத்தோ, தேடிப் போகாமல் வாய் பேசுகிறீர்களே என்றார்கள் பெண்கள். யாரும் தேடிப் போகவில்லை.

இதில் ஆவணி பிறந்துவிட்டது. முதல் முகூர்த்தம் முதலியாரின் பேத்தி தாட்சாயணிக்கு. பைபாஸ் ரோட்டில் பெரிய மண்டபம் ஒன்று வந்த பிறகு இந்த மண்டபத்தை மறந்துபோன பெரிய மனிதர்களெல்லாம் வரப்போகிற கல்யாணம். முதலியார் மேடைக்கு முன்னால் வந்து வெகுநேரம் நின்றார். முட்டையைக் கல்லோடு தூக்கிப் பால் நிலையத்தில் வைத்துவிடலாமே என்றார். அதையும் செய்து பார்த்தார்கள். மாப்பிள்ளை பால் நிலையத்திலிருந்து நடந்தே திரும்பி வந்து, காலியான மேடையில் வெறும் கிரானைட்டின்மேல் படுத்துக்கொண்டது. முட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. முதலியார் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்தை நிறுத்தவும் முடியாது, பாவத்தைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று வேதவல்லியையும் கோதண்டத்தையும் பார்த்துச் சொன்னார்.

கோதண்டம் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு மேடையேறினார். பின் அறையிலிருந்து ஒரு மணையை எடுத்துவந்து கல் வட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை ஷிப்டு மாற்றுகிற மாதிரிதான் இருந்தது அது. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை மெல்ல எழுந்து ஒதுங்கியது. அவர் முட்டையை எடுத்து இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்து, வேட்டியால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அந்த வேட்டியை அலகால் இரண்டு இடத்தில் இழுத்துச் சரிசெய்துவிட்டு, மேடையைவிட்டு இறங்கி, இரண்டடி நடந்து, விழுந்தது. ஆட்டோவில் போட்டு ஏரிக்குக் கொண்டுபோனார்கள். ஏரியில் ஜிலேபி மீன் இருந்தது.

“எந்திரிக்க முடியாதே உங்களுக்கு,” என்றாள் வேதவல்லி. “எத்தனை நாளு ஆவுமோ.”

“ஏ.சி. ஓடுது. எனக்கு இன்னா வேலை கீது,” என்றார் கோதண்டம். கொஞ்சம் பொறுத்து, “நீ போய் அதோட ஜோடியப் பாத்து இட்டுனு வாயேன்,” என்றார்.

அப்படித்தான் வேதவல்லி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்தைவிட்டுக் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி, பாலாறு கடலைத் தொடுகிற முகத்துவாரத்துக் குப்பத்தில் போய் இறங்கினாள். யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கருவாடு காயப்போட்டிருந்த மணலுக்கு அந்தப் பக்கம், அலை வந்து தொட்டுப் போகிற இடத்தில், மாப்பிள்ளையின் ஜோடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. அடிபட்டதற்கோ, சீக்குக்கோ, யாரும் கட்டிப்போட்டதற்கோ அடையாளம் இல்லை. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பூங்காவனம் என்கிற பெண், இது ஆடி பாதியிலிருந்து இங்கேதான் நிற்கிறது, காலையில் கடலுக்குள்ளே போகும், வயிறு நிறைந்ததும் வந்து இப்படியே நின்று பார்க்கும், ஊருக்குப் போகிற வழி அதுக்குத் தெரியாமல் இல்லை, நாங்களும் பிடித்துவைக்கவில்லை என்று சொன்னாள்.

வேதவல்லி அதைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் போய் வாயைத் திறந்தபோது ஓர் அலை வந்து அவள் கணுக்காலை நனைத்துவிட்டுக் காலடியிலிருந்த மண்ணைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த அலைக்குக் காத்திருந்தாள். அதற்கடுத்த அலைக்கும். எதிரில் பந்தி இல்லை, பாத்திரம் இல்லை, பெண் வீடு பிள்ளை வீடு இல்லை, எவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய தண்ணீர் ஒன்று தன்பாட்டுக்கு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. சாயங்கால பஸ் ஹார்ன் அடித்து அழைத்துவிட்டுப் போயிற்று. வேதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை.

பூங்காவனம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தாள். காலையில் மறுபடி போய் நின்றாள். பென்குயினுக்குக் களைப்பாக இருக்கிறது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று பூங்காவனத்திடம் சொன்னாள். பூங்காவனம் பென்குயினைப் பார்த்தாள், வேதவல்லியைப் பார்த்தாள், சரி என்றாள். மறுநாளும் அதற்குக் களைப்பாக இருந்தது. போனை எடுத்தால் பேசவேண்டியிருக்கும் என்று அதைப் பையின் அடியில் சேலைகளுக்குள் போட்டு வைத்திருந்தாள். கோதண்டம் கூப்பிடவே இல்லை என்பது பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது. தாட்சாயணிக்கு நலங்கு வைத்திருப்பார்கள், பந்தக்கால் நட்டிருப்பார்கள், வாழைமரம் கட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் ஓர் அலை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. அவள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்பது முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு அதுவே ரொம்பச் சுகமாக இருந்தது.

முகூர்த்தத்தன்று விடிந்தபோது, இனி களைப்பு என்று சொன்னால் பூங்காவனம் சிரித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தண்ணீருக்குள் முழங்கால்வரை போய்ப் பென்குயினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எனக்கும் வர மனசில்லதான்,” என்றாள். “ஆனா நானும் ஒருத்தரை முட்டைமேல உக்கார வெச்சிட்டு வந்துகிறேன். வா, போவலாம்.”

பென்குயின் இன்னும் ஓர் அலை பார்த்தது. பிறகு திரும்பி, பஸ் நிற்கிற திசையில் அவளுக்கு முன்னால் நடந்தது. கண்டக்டர் ஜன்னலோரச் சீட்டிலிருந்தவரை எழுப்பி அதற்கு இடம் கொடுத்துவிட்டு, கைக்குழந்தைக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னார்.

அவர்கள் வழியில் இருந்த நேரத்தில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. முட்டைக்காக ஏ.சி.யைக் கூட்டவோ குறைக்கவோ கோதண்டம் விடவில்லை. பெரிய மனிதர்கள் சால்வையும் குரங்குக் குல்லாவுமாக வந்து உட்கார்ந்து, பைபாஸ் மண்டபத்தில் இப்படியொரு குளிர் கிடையாது என்று பல் தந்தியடிக்கப் பாராட்டினார்கள். தாட்சாயணி பட்டுப்புடவைக்குள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நாதஸ்வரக்காரர் உதடு மரத்துப் போய் மோகனத்தில் தொடங்கி வேறெதிலோ முடித்தார். ஹோம குண்டத்தை எவ்வளவு ஊதினாலும் ஏ.சி. ஜெயித்தது, சாஸ்திரிகள் மந்திரத்துக்கு நடுவில் இரண்டு கையையும் நெருப்பில் காட்டிக்கொண்டார். மணவறைக்குப் பக்கத்தில், மணையில், வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு கோதண்டம். அவருக்கு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, ஏரியில் தின்று தேறித் திரும்பிவந்த மாப்பிள்ளை பென்குயின். அது தன் முறைக்கு உட்காரத் தயாராக வந்திருந்தும், முட்டைக்குள் தட்டுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டதால் கோதண்டம் எழுந்திருக்கப் பயந்தார். கெட்டிமேளம் முழங்க, தாலி ஏற, கூட்டம் அட்சதையைத் தூக்கிய அதே நேரத்தில் வேட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பாதி அட்சதை மணமக்கள்மேல் விழுந்தது, பாதி கோதண்டத்தின்மேல். எது யாருக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மணமக்கள் அக்கினியைச் சுற்றும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் சேர்த்தே சுற்றினார்கள்.

வேதவல்லி வந்தபோது கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. வாசலில் வேறு யாரோ பன்னீர் தெளித்தார்கள். அவளுக்கு முன்னால் போன பென்குயின் மேடையேறி நின்று, மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தது. கொஞ்ச நேரம் இரண்டும் எங்கேயோ பார்த்தன. பிறகு இரண்டும் தலைகுனிந்து, அலகை வானத்துக்குத் தூக்கி, கழுதைக்கும் கதவுக்கும் நடுவான அந்தக் குரலில் பாடின. தாய் குனிந்து, சம்பந்திகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கடல் மீனைக் குஞ்சின் வாய்க்குள் கக்கிற்று. முதலியார் அந்த நேரம் பார்த்து விட்டத்திலிருந்த அலங்கார விளக்கை எண்ணிக்கொண்டிருந்தார். குஞ்சு தின்றது, நிறைந்தது, சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை மாதிரி உருண்டு வந்து, அப்பாவிடமும் போகாமல் அம்மாவிடமும் போகாமல், கோதண்டத்தின் வேட்டிக்குள்ளேயே மறுபடி நுழைந்துகொண்டது.

வேதவல்லி மேடையேறினாள். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனுக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாள் எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று என்று கேட்டால் சொல்வதற்குப் பஸ்ஸிலேயே ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

“கடல் எப்படிக் கீது?” என்றார்.

வேதவல்லி யோசித்தாள். கையை அகலமாக விரித்துக் காட்டப் பார்த்து, மண்டபத்துத் தூணில் இடித்துக்கொண்டு, விட்டுவிட்டாள்.

“சொன்னா வராது. நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றாள். “இத்த நான் பாத்துக்கறேன். தள்ளுங்க.”

அவர் தள்ளினார். அவள் மணையில் உட்கார்ந்து, இன்னும் ஓரம் ஈரமாயிருந்த சேலையை விரித்து, வேட்டியிலிருந்து நழுவாமல் குஞ்சை மடிக்கு மாற்றிக்கொண்டாள். அது ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, உப்பு வாசனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. கோதண்டம் தூணைப் பிடித்து எழுந்தார். கால் இரண்டும் மரத்துப்போய் முழங்கால் மடங்க மறுத்தது. கையைப் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஓர் அசைவு அந்தப் பக்கம் ஓர் அசைவாக, ஒவ்வொரு அடியாகத் தத்தி, மேடையை இறங்கி, தாம்பூலப் பைகளோடு நின்ற கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட, வாசலைக் கடந்து, பஸ் ஸ்டாண்டை நோக்கிக் கிழக்கே நடந்தார்.